சொந்தமாக ஒரு வெள்ளாமை

விவசாயி என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். மேடையில் பேசுகிறவர்கள் அந்தச் சொல்லைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கேட்கிறவர்களும் கண் கலங்குவார்கள். அந்த விவசாயிக்கு எப்போதும் ஒரு நிலம் இருக்கும். எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். மூன்று பேரும் புஞ்சையில் கிடந்து வெயில் குடித்தவர்கள்தான். ஆனால் ஒருவர்கூட விவசாயி கிடையாது. மழை பொய்த்த வருடம் நிவாரணம் வந்தால், பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவருக்குப் போகும். அவர் விதைத்திருக்கவே மாட்டார், விருதுநகரில் கடை வைத்திருப்பார். அந்த வருடம் களையெடுப்பு இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த என் அம்மாவுக்கு ஒன்றும் வராது. மழை அவளுக்கும்தான் பெய்யவில்லை.

இதையெல்லாம் பெரிய சோகமாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சிரிப்புக்குக் குறைவு இருந்ததில்லை. சோற்றுக்குக் குறைவு இருந்த நாட்களிலும் அப்பா எதையாவது சொல்லிச் சிரிக்கவைப்பார், அதற்காகவே அம்மாவிடம் திட்டு வாங்குவார்.

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில், பேருந்து நினைத்தால் வரும் ஊர் எங்களுடையது. நானும் அப்பாவும் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸுக்கு வேனில் போய்வருவோம். எங்கள் பக்கம் வெடி செய்கிற கம்பெனிக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். கல்யாணம் முடித்துப் போன இடத்தில் நான் ஆபீஸில் வேலை பார்த்தவள் என்று சொன்னதை நம்பி ஒருத்தி என்னிடம் வங்கிக் கடனுக்கு வழி கேட்டாள். அங்கிருந்து நான் திரும்பி வந்த கதை வேறு, அது இங்கே வேண்டாம். ஆபீஸில் எனக்குப் பாக்கெட் போடும் வேலை, அப்பாவுக்கு லோடு ஏற்றும் வேலை. அம்மா மட்டும் வெடிமருந்து வாடை ஆகாது என்று காட்டு வேலையை விடவில்லை. காடு என்றதும் மரங்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். மழையை நம்பி விதைக்கிற கரிசல் நிலத்துக்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர்.

அம்மாதான் ஊரில் ஆள் கூட்டிப்போகிறவள். நிலத்துக்காரர்கள் முந்தின நாள் சாயங்காலம் அவளிடம் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் தெருவில் நடந்து வீடு வீடாகக் குரல் கொடுப்பாள். காலையில் பெண்கள் தூக்குவாளியோடு அவள் பின்னால் போவார்கள். கூலியைப் பேசுவதும், டீ வரத் தாமதமானால் சத்தம் போடுவதும், வெயில் ஏறினால் களைக்கொத்தியைக் கீழே போடச் சொல்வதும் அவள்தான். சுற்று வட்டாரத்தில் அவள் கால் படாத காடு கிடையாது. எல்லாம் அடுத்தவர் காடு.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அதை அவள் ரகசியமாகவும் வைத்துக்கொள்ளவில்லை. "சாகுறதுக்குள்ள ஒரு வெள்ளாமை. ஒண்ணே ஒண்ணு. நானே வெதச்சு, நானே எடுத்து, என் வீட்டுக்குக் கொண்டாரணும்." மழை மேகம் வந்தால் சொல்லுவாள். பிறகு அடுத்தவர் விதைப்புக்கு ஆள் கூட்டப் போய்விடுவாள்.

இந்த ஆசைக்கு வாசல் திறந்துவிட்டது சீமைக்கருவேல மரம். ஊருக்கு மேற்கே, மேகாடு என்று பெயர், பெரிய வீட்டுக்காரர் காடு ஒன்று பல வருடமாகத் தரிசாகக் கிடந்தது. பெரியவர் போன பிறகு மகன் பட்டாசு வியாபாரத்தில் இறங்கி, விருதுநகருக்குக் குடிபோய்விட்டார். அவரை நாங்கள் சின்ன முதலாளி என்போம், எனக்கு அவர் வயதுதான் இருக்கும். நிலம் முழுக்கக் கருவேலம் மண்டி, ஆடு நுழைந்தால் ஆட்டைத் தேட ஆள் போக வேண்டும், ஆளைத் தேட இன்னோர் ஆள் போக வேண்டும் என்ற நிலை. ஒரு சித்திரை மாதம் அவர் பைக்கில் வந்து எங்கள் வாசலில் நின்றார்.

"அண்ணே, அந்த மேகாட்டைச் சுத்தம் பண்ணணும். மரத்தை வெட்டி நீங்க வித்துக்கிடுங்க. தூரோட எடுத்துக் குடுத்தீகன்னா, ஒரு வெள்ளாமை நீங்களே போட்டுக்கிடுங்க. வெளைச்சல்ல வாரம், குத்தகைன்னு எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

அப்பா யோசிக்க நேரம் கேட்க வாயைத் திறந்தார். அம்மா உள்ளிருந்தே, "சரி மொதலாளி" என்று சொல்லிவிட்டாள்.

அவர் போனதும் எனக்கு ஆத்திரம் வந்தது. "ஜேசிபி வச்சு எடுத்தா அவருக்குச் செலவு. நம்மளை வச்சு ஓசியில சுத்தம் பண்ணிக்கிடுதாரு. இது கூடவா தெரியல?"

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "தெரியாமலா ஒத்துக்கிட்டேன்?" என்றாள்.

அந்தக் கோடை முழுக்க எங்கள் உடம்பு முள்ளால் ஆனது. விடுமுறை நாளென்றால் விடிந்ததும் அரிவாளோடு போவோம். கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் வந்து நலம் விசாரிக்கும். மரத்தை வெட்டுவது வேலையே இல்லை, தூரைத் தோண்டுவதுதான் வேலை. மண்ணுக்குள் கொஞ்சம் விட்டாலும் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். அப்பா கடப்பாரையால் குத்துவார், அம்மா மண்வெட்டியால் அள்ளுவாள், நான் வாயால் வைவேன். வெட்டிய விறகைக் கரி மூட்டம் போடுகிறவர்கள் வண்டி கொண்டுவந்து ஏற்றிப்போனார்கள். ஆடி மாதம் அந்தக் காடு கருப்பாக, வெறுமையாக, வெடிப்பு விட்டுக் கிடந்தது. அம்மா அதன் நடுவில் போய் இடுப்பில் கை வைத்து நின்று நாலு பக்கமும் பார்த்தாள். வேலைக்குப் போகிற இடத்தில் அவள் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. அங்கே நிமிர்ந்தால் நிலத்துக்காரர் பார்ப்பார்.

என்ன விதைப்பது என்பதில் வீட்டில் சண்டை. அப்பாவுக்கு மக்காச்சோளம். ஊரே அதைத்தான் போட்டிருந்தது. அம்மா பாசிப்பயறு என்றாள்.

"பயறுல என்னத்த கெடைக்கும்? மக்காச்சோளம்னா வெலை உண்டு" என்றார் அப்பா.

"மக்காச்சோளம் லாரியில ஏறிப் போயிரும். கோழிப் பண்ணைக்குப் போவும். நான் எதைப் பாத்து என் வெள்ளாமைன்னு சொல்ல? பயறுன்னா வீட்டுக்கு வரும். பானையில கெடக்கும். அவிச்சுத் திங்கலாம்."

"அவிச்சுத் திங்கதுக்கா இம்புட்டு முள்ளு குத்து வாங்குனோம்?"

"வேற எதுக்கு?" என்றாள் அம்மா.

புரட்டாசிக் கடைசியில் மழை விழுந்தது. பயறு விதைத்தோம். பிறகு நானும் அப்பாவும் தீபாவளி சீசனில் மாட்டிக்கொண்டோம், ஆர்டர் குவிந்து கிடந்ததால் ஞாயிற்றுக்கிழமைகூட வேன் வந்தது. அம்மாதான் காட்டைப் பார்த்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டாள் என்றால் உண்மையாகவே பார்த்தாள். அடுத்தவர் காட்டில் வேலை முடித்துவிட்டு, வீட்டுக்கு வருகிற வழியை விட்டு விலகி மேகாட்டுக்குப் போய், சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவாள். இரண்டு இலை விட்டதை வந்து சொல்லுவாள். நாலு இலை விட்டதையும் வந்து சொல்லுவாள். அப்பா அவளை ஜமீன்தாரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். "ஜமீன்தாரம்மா, கஞ்சி கெடைக்குமா?" என்பார். அம்மா கரண்டியை ஓங்குவாள், ஆனால் அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும்.

மயில்களோடு அவளுக்குப் பகை முற்றியது. மற்றவர் காட்டில் மயில் இறங்கினால் அழகாயிருக்கு என்று நின்று பார்க்கிறவள், தன் காட்டில் இறங்கியதும் அதன் ஏழு தலைமுறையையும் இழுத்து வைதாள். தீபாவளி முடிந்து ஆபீஸ் மூடிக் கிடந்த நாட்களில் நானும் கூடப் போனேன். களையெடுத்தோம், மயில் விரட்டினோம். எனக்கு மண்மேல் பெரிய பாசமெல்லாம் கிடையாது. ஆனால் மஞ்சள் பூ வைத்து, கொத்துக் கொத்தாக நெத்து இறங்கியபோது நானும் வழியை விட்டு விலகிப்போய் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நெத்து என்பது பயற்றங்காய் முற்றிக் காய்ந்த பிறகு அதற்குப் பெயர். முதலில் பச்சை, பிறகு கருக்கும். கருத்தால் எடுக்கலாம்.

மார்கழியில், பாதி நெத்து கருத்து நிற்கும்போது சின்ன முதலாளி வந்தார். இந்தத் தடவை காரில் வந்தார், கூடச் சட்டையை உள்ளே விட்ட இரண்டு பேர் இருந்தார்கள். சூரிய மின்சாரத் தகடு பதிக்கிற கம்பெனிக்காரர்கள். எங்கள் பக்கம் அப்போதே பல காடுகளில் கம்பும் சோளமும் இல்லாமல் கண்ணாடித் தகடுகள் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. வந்தவர்கள் காட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். கருவேலத்தோடு கிடந்தால் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். நாங்கள் சுத்தம் செய்ததால் பார்வைக்கு வந்துவிட்டது.

சின்ன முதலாளி எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் முகத்தில் சங்கடம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். "வெள்ளிக்கெழமை கம்பெனிக்காரக எல்லைக்கல்லு ஊன வாராக அண்ணே. மிஷின் வச்சு அன்னைக்கே மட்டம் பண்ணிருவாகளாம். நான் தையில வச்சுக்கிடலாம்னு எம்புட்டோ சொன்னேன், கேக்க மாட்டேங்காக. நீங்க ஒண்ணும் நட்டப்பட வேண்டாம். பயறு முழுசா வெளஞ்சா என்ன கெடைக்குமோ, அதுக்கு மேலயே போட்டுக் குடுத்துருதேன்."

அன்று புதன்கிழமை. அப்பா என்னைப் பார்த்தார். அவர் மனசில் ஓடியதுதான் என் மனசிலும் ஓடியது. முழு விளைச்சலுக்குப் பணம், வேலையில்லை, மயில் தொல்லையில்லை. இப்படி ஒரு வாய்ப்பு எங்கள் பரம்பரையில் யாருக்கும் வந்திருக்காது.

அம்மா சொன்னாள், "எங்களுக்கு ஒரு நாள் குடுங்க மொதலாளி. நாங்க பயறை எடுத்துக்கிடுதோம்."

"அக்கா, பாதி காயாக் கெடக்கே. எடுத்தா என்ன தேறும்?"

"தேறுனது தேறட்டும்."

அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வியாழக்கிழமை முழுக்க உங்களுக்குத்தான் என்று சொல்லிக் காரில் ஏறினார்.

வீட்டுக்கு வந்ததும் நான் கத்தினேன். இருக்கிற கோபத்தையெல்லாம் கொட்டினேன். யாராவது காசை வேண்டாம் என்பார்களா? அவரே ஒத்துக்கொண்டு தருகிறார், நியாயமான காசுதானே? அந்தக் காசில் கடையில் பயறு வாங்கினால் இரண்டு பானைக்கு வருமே? அப்பாவும் என் பக்கம்தான் பேசினார், ஆனால் மெதுவாக.

அம்மா அடுப்பில் உலை வைத்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் திரும்பி, "காசு வாங்குனா அது கூலி" என்றாள். "காட்டைச் சுத்தம் பண்ணுனதுக்குக் கூலி. வெதச்சதுக்குக் கூலி. நான் காலம்பூரா அதைத்தான வாங்குதேன்? இதும் கூலியாப் போச்சுன்னா, அப்ப இது யாரு வெள்ளாமை?"

அப்போதும் அவள் சொல்வது புத்திசாலித்தனம் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை, இப்போதும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு காசைப் பற்றி நான் பேசவில்லை.

கவலை வேறாக இருந்தது. ஒரே நாளில் அவ்வளவு பெரிய காட்டை மூன்று பேர் எடுக்க முடியாது. அதிலும் வெயில் ஏறினால் நெத்து கையில் பட்டதும் வெடித்துப் பயறு மண்ணில் கொட்டிவிடும். பனியின் ஈரம் இருக்கும் வரைதான் பொறுக்கும். ஆள் வேண்டும். ஊரில் ஆள் கூட்டுகிறவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். ஆனால் அவள் அன்று தெருவில் இறங்கவே இல்லை.

"கூப்பிடேன்" என்றார் அப்பா.

"கூலி எங்கனருந்து குடுப்பீக?"

"ரெண்டு நாள் தவணை சொல்லு."

"தவணை சொன்ன மொதலாளிமாரு காட்டுக்கு இனி போகாதீகன்னு அவளுககிட்டச் சொன்னவளே நான்தான். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்க?"

அப்பா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அம்மா எங்கள் இருவரையும் முறைத்தாள். மூன்று பேரும் முடிந்ததை எடுப்பது என்று முடிவானது.

வியாழக்கிழமை விடியலில் பனி மூட்டத்தோடு கிளம்பினோம். மேகாட்டை நெருங்கும்போது பேச்சுக்குரல் கேட்டது. மிஷின் வந்துவிட்டது என்று நினைத்து அம்மா ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். காட்டுக்குள் பெண்கள் குனிந்து நெத்துப் பறித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவோடு வேலைக்குப் போகிற அத்தனை பேரும் வந்திருந்தார்கள்; முந்தின நாள் நான் கத்தியது தெரு முழுக்கக் கேட்டிருந்தது.

அவர்களில் ஒருத்தி அம்மாவுக்கு மதினி முறை, வாய்த்துடுக்குக்காரி. நிமிர்ந்து பார்த்து, "ஏ மதினி! வருசம் முச்சூடும் கண்டவன் காட்டுக்கெல்லாம் எங்களைக் கூப்பிடுத. உன் காட்டுக்கு மட்டும் கூப்பிட மாட்டியோ? எங்க கை பட்டா உன் பயறு கெட்டுப்போவுமோ?" என்றாள்.

உன் காடு என்று அவள் சொன்னதும் அம்மா காட்டை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். நாளை அது இருக்கப்போவதில்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"கூலி..." என்று ஆரம்பித்தாள் அம்மா.

"எங்க வீட்டுல ஒரு நாள் கல்யாணம் காச்சின்னா நீ வந்து பாத்திரம் தேயி. இப்பக் குனி. பனி போவுது" என்று அவளை அடக்கிவிட்டார்கள்.

அன்றைக்கு அம்மா பட்ட பாட்டை எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். நிலத்துக்காரர் போல வரப்பில் நிற்கத் தெரியாமல் எல்லோருக்கும் முன்னால் குனிந்து ஓடினாள். மத்தியில் மதினிக்காரி, "மொதலாளியம்மா, பதினோரு மணியாச்சு, டீ எங்க?" என்று வேண்டுமென்றே அதட்டினாள். அம்மா பதறிப்போய், "ஆமா, ஆமா, டீ குடுக்காம எப்படி வேலை வாங்கலாம்? இது என்ன நியாயம்?" என்று அப்பாவிடம் எகிறினாள். வழக்கமாக நிலத்துக்காரரிடம் எகிறுகிற அதே குரல். "ஏ, நிலத்துக்காரி நீதாம்ளா" என்றார் அப்பா. பிறகு கடன் சொல்லி டீயும் சாத்தூர் காரச்சேவும் வாங்கிவந்தார். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். நடுவில் தினம் அவர்கள் வேலைக்குப் போகிற காடுகளின் முதலாளிகளைப் பற்றி ஒரு பாடு பேசிச் சிரித்தோம். அம்மாவும் சேர்ந்து பேசினாள், தானும் இன்று ஒரு முதலாளி என்பது மறந்துபோய்.

உச்சிக்கு முன்னால் கருத்த நெத்து எல்லாம் சாக்குக்குள் வந்துவிட்டது. காயாக நின்றவற்றைச் செடியோடு பிடுங்கிக் கட்டாகக் கட்டினோம். காடு மறுபடியும் வெறுமையாகிவிட்டது. எதிர்பார்த்ததில் பாதிகூடக் கிடைக்கவில்லை என்று அப்பா முணுமுணுத்தார். சாக்குகளைப் பார்த்து அம்மா அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. சாக்கின் வாயைத் தைக்கும் முன் உள்ளே கையை முழங்கை வரை விட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

பிறகு எல்லோரும் காட்டை விட்டுக் கரையேறினோம். பயறு எடுக்கிற வேலையில் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்து வெளியேறும்போது நிலத்துக்காரர் வரப்பில் நிற்பார். பெண்கள் வரிசையாக வந்து, இடுப்பில் செருகிய சேலை மடியை அவிழ்த்து, அவர் முன்னால் உதறிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு நடக்க வேண்டும். பயறு ஒளித்துக்கொண்டு போகவில்லை என்பதற்கு அத்தாட்சி. ஆள் கூட்டி வந்தவள் முதலில் உதற வேண்டும், தன் ஆட்களுக்கு அவள்தான் ஜாமீன். இதில் அவமானம் இருக்கிறது என்று யாரும் நினைத்ததில்லை. டீ குடிப்பது போல அதுவும் வேலையில் ஒரு பகுதி.

அம்மா நேராக வரப்புக்குப் போனாள். வரிசையின் முதல் ஆளாக நின்றாள். பின்னால் பெண்கள் எல்லோரும், நானும்கூட, ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றுகொண்டோம். அம்மா மடியை அவிழ்த்து இரண்டு கையாலும் விரித்துப் பட்டென்று உதறினாள். எதிரில் யாருமே இல்லை.

"யாருக்கு மதினி உதறுத?" என்றாள் பின்னால் நின்றவள்.

அம்மா விரித்த மடியோடு அப்படியே நின்றாள். எங்களுக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. ஒருத்தி வரப்பிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"எல்லாரும் மடியைப் பிடிங்கடி" என்றாள் அம்மா.

சாக்கைப் பிரித்தாள். வரிசையில் வந்த ஒவ்வொருத்தி மடியிலும் இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டாள். போதும் போதும் என்றாலும் விடவில்லை. "ஏ, அம்புட்டையும் குடுத்துராத" என்றார் அப்பா. "என் பயறு, நான் குடுக்கேன்" என்றாள். அவர் சாக்கை அவள் பக்கம் நகர்த்திவைத்தார். என் மடியிலும் போட்டாள்.

எல்லோருக்கும் முடிந்த பிறகு தன் மடியை விரித்தாள். ஒரு கை அள்ளிப் போட்டாள், பிறகு இன்னொரு கை. அதை முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். சாக்குகளையும் கட்டுகளையும் அப்பாவும் நாங்களும் தலையில் தூக்கிக்கொண்டோம். அம்மா அந்த மடியைத் திறந்து யாருக்கும் காட்டாமல் வீடு வரைக்கும் நடந்து வந்தாள்.